குற்றாலத்தில் குளிக்கத் தடையா? வண்டியை இப்படித் திருப்புங்கள்

சாரல் காலத்தில் குற்றாலம் வருபவர்களுக்கு ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கும். ராத்திரியெல்லாம் பயணம் செய்து விடியற்காலையில் பேரருவிக்கு வந்து நின்றால், பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். போலீஸார் கயிறு கட்டியிருப்பார்கள். "தடை எப்போ சார் எடுப்பீங்க?" என்று கேட்டால், "மேல மழை நின்னாத்தான்" என்பதுதான் பதில். பலர் அன்று முழுவதும் அருவிக்கரையிலேயே பஜ்ஜி தின்றுகொண்டு காத்துக் கிடப்பார்கள். அது வேண்டாத வேலை. குற்றாலத்தைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் மூன்று நாள் பார்க்கிற அளவுக்கு இடங்கள் இருக்கின்றன. எந்தத் திசைக்கு எந்த நேரத்தில் போவது என்பதுதான் சூட்சுமம்.

முதலில் தண்ணீரைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்கள் ஜூன், ஜூலையில் வெயிலில் காயும்போது இங்கே ஏன் சாரல்? மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் கொஞ்சம் தணிந்து ஒரு கணவாயாகத் திறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டியது போக மிச்ச ஈரத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. வெயிலடித்துக்கொண்டே பொடிமழை தூறும். அதற்குப் பெயர்தான் சாரல். ஊருக்குள் பெய்யும் இந்தத் தூறலுக்கும் அருவி வெள்ளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அருவிக்குத் தண்ணீர் தருவது சிற்றாறு உற்பத்தியாகும் மலைமேல் பெய்கிற மழை. கீழே பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே மேலே கொட்டித் தீர்த்திருக்கும்.

பேரருவியில் மேலிருந்து வரும் தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக்குழியில் விழுந்து, நிரம்பிப் பொங்கித்தான் கீழே வருகிறது. அந்தக் குழி வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் அங்கே நம்மால் தலை கொடுக்க முடிகிறது. வெள்ளம் மிஞ்சினால் குழியாலும் தாங்க முடியாது. தண்ணீர் எட்டிப் பாய்ந்து வளைவுக்கு வெளியே விழும், கல்லும் கட்டையும் சேர்ந்து வரும். தடை போடுவது அதனால்தான். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கலாக, செம்மண் நிறத்தில், இலை சருகோடு வந்தால் யாரும் சொல்வதற்காகக் காத்திருக்காதீர்கள், உடனே வெளியே வாருங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். சீசன்கூடத் தொடங்காத மாதம் அது. கோடை மழைக்கும் வெள்ளம் வரும்.

அருவிகளில் எல்லாமே எல்லோருக்கும் திறந்தவை அல்ல. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி ஆகியவற்றில் பொதுமக்கள் குளிக்கலாம். ஐந்தருவிக்கு மேலே இருக்கும் பழத்தோட்ட அருவி தோட்டக்கலைத் துறை வளாகத்துக்குள் இருப்பதால் பொதுவாக விடமாட்டார்கள். செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காட்டுக்குள் இருக்கின்றன. சித்ரா பௌர்ணமி மாதிரி திருவிழா நாளில் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்கு விடுவதைத் தவிர மற்ற நாளில் வனத்துறை அனுமதி இல்லை. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். வழுக்குப் பாறை, ஆழம் தெரியாத கசம், அட்டைக்கடி என்று ஆபத்து நிறைய. எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதையும் எந்த அருவிக்கும் கொண்டுபோகக் கூடாது. எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசையென்றால் தங்கும் அறையில் தேய்த்து, ஒரு தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள். பாறையில் வழிகிற எண்ணெய்தான் அடுத்து வருபவரை வழுக்கி விழ வைக்கிறது.

சரி, தடை போட்டுவிட்டார்கள். காலை ஏழு மணி. முதலில் எங்கே?

பக்கத்திலேயே இருக்கும் குற்றாலநாதர் கோயில். பேரருவிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கோயில் வாசலில் செருப்பை மட்டும் போட்டுவிட்டு அருவிக்குப் போய்விடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. சங்கு வடிவில் அமைந்த கோயில் இது. அம்பாள் பெயர் குழல்வாய்மொழி. தலமரம் குறும்பலா. ஞானசம்பந்தர் தலத்துக்கு ஒரு பதிகம், குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகம் என்று இரண்டு பாடியிருக்கிறார். அருவிப் பக்கத்துப் பாறைகளில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் லிங்கங்களையும் பாருங்கள். தண்ணீர் குறைந்த நாளில் தெளிவாகத் தெரியும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சித்திரசபை. தனிக் கோயில், முன்னால் தெப்பக்குளம். நடராஜருடைய ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், இங்கே சித்திரம். மற்ற நான்கிலும் நடராஜர் திருமேனியாக நிற்பார். இங்கே மட்டும் அவர் சுவரில் ஓவியம். சுற்றுச் சுவர் முழுக்கத் திருவிளையாடல்களும் தேவ தேவியர்களும். உள்ளே இருட்டாக இருக்கும். நுழைந்தவுடன் ஒன்றும் தெரியவில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகி, முதலில் சிவப்பும் பிறகு பச்சையும் மஞ்சளும் ஒவ்வொன்றாகத் துலங்கும். சுவரைத் தொடாதீர்கள். ஈரக் கை பட்டால் வண்ணம் உரியும். ஃபிளாஷ் ஓவியத்துக்குப் பகை, கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஈரத்துணியோடு உள்ளே போகாமல் மாற்றுடை உடுத்திப் போவது எல்லோருக்கும் நல்லது.

இந்த இரண்டையும் முடிக்க ஒன்பது மணி ஆகும். இப்போது கிழக்கே, தென்காசிக்குப் போக வேண்டும். ஐந்து கிலோமீட்டர்தான், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் செய்கிற முதல் தப்பு, காலை முழுவதையும் அருவியில் விட்டுவிட்டு ஒரு மணிக்குக் கோயில் வாசலில் வந்து நிற்பது.

காசி விசுவநாதர் கோயிலை எழுப்பியவர் பராக்கிரம பாண்டியர். 1446ல் வேலை தொடங்கியது. ஒன்பது நிலை ராஜகோபுரம், 180 அடி உயரம் சொல்வார்கள். பழைய கோபுரம் பிளந்துபோய் நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்று, பிறகு புதிதாக எழும்பி 1990ல் குடமுழுக்கு கண்டது. இதை முன்பே எதிர்பார்த்தது போல ராஜா ஒரு பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். இந்தக் கோயிலுக்குக் காலத்தால் ஏதாவது குறை வந்தால், அதை யார் சரி செய்கிறார்களோ அவர்களை உலகமறியப் பணிகிறேன் என்று பொருள். ஒரு ராஜா, பின்னால் பிறக்கப்போகிற முகம் தெரியாத ஒருவர் காலில் விழுகிறார். இதைத் தெரிந்துகொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது வேறு அனுபவம்.

சாரல் மாதத்தில் கோபுர வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. மலைக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. கோபுரத்துக்கும் கோயிலுக்கும் நடுவிலிருக்கும் பெரிய வெளியில் பரவிய காற்று முழுவதும் அந்த ஒற்றை வாசலுக்குள் நெருங்கிப் புகுந்து வெளியேறும்போது ஆளைத் தள்ளும். வேட்டி, முந்தானை, குடை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே முன்மண்டபத்தில் ஒற்றைக் கல்லில் வடித்த வீரபத்திரர், தாண்டவ மூர்த்தி, ரதி, மன்மதன் சிலைகள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. விரல் நகம்கூடத் தெரிகிற வேலைப்பாடு. உலகம்மன் சன்னதியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் சுமார் பத்து கிலோமீட்டர். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். ஓணத்துக்கு முன்னால் கேரளத்திலிருந்து கார் காராக வருவார்கள். இங்கே மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, வயல் வருஷத்துக்கு வருஷம் மாறும். போன வருஷப் படத்தையோ மேப்பையோ நம்பிப் போனால் அங்கே சோளமோ உளுந்தோ நிற்கும். ஊருக்குள் டீக்கடையில் கேளுங்கள். சாம்பவர்வடகரை, ஆய்க்குடிப் பக்கம் பூத்திருக்கிறது என்று கைகாட்டுவார்கள். இரண்டு, முற்றிய பூ சூரியனோடு சுற்றாது, கிழக்கேயே பார்த்து நிற்கும். அதனால் காலையில் போய், வயலுக்குக் கிழக்குப் புறத்தில் நின்று எடுத்தால் பூ முகமும் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும், பின்னால் மேற்கு மலையும் படத்தில் விழும். சாயங்காலம் போகிறவர்களுக்குப் பூவின் முகம் நிழலாகிவிடும். மூன்று, அது பூங்கா கிடையாது, ஒரு குடும்பத்தின் விளைச்சல். வரப்பைத் தாண்டிச் செடிக்குள் புகுந்தால் தண்டு சாயும், சாய்ந்த செடி திரும்ப நிமிராது. சில விவசாயிகள் ஆளுக்கு ஒரு சிறு தொகை வாங்குகிறார்கள். முகம் சுளிக்காமல் கொடுங்கள். தேனீ நிறைய இருக்கும், பூவை முகத்தோடு சேர்த்து இழுக்க வேண்டாம்.

அதே திசையில் ஆய்க்குடி பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள் படியில் பாயசம் ஊற்றுவார்கள், குழந்தைகள் அதை வழித்துச் சாப்பிடும். படிப்பாயசம் என்று பெயர். இலஞ்சிக் குமாரர் கோயில் குற்றாலத்துக்கு இன்னும் பக்கம், மூன்று நான்கு கிலோமீட்டர். சுற்றிலும் வயலும் தோப்புமாக, கூட்டமில்லாத அமைதியான இடம். அருணகிரிநாதர் பாடிய தலம். வயதானவர்களோடு வந்திருந்தால் முருகனைப் பார்க்க இதுவே போதும்.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்குப் பண்பொழி திருமலைக்கோயில். செங்கோட்டையிலிருந்து வடக்கே பண்பொழி வந்து, மேற்கே திரும்ப வேண்டும். அறுநூறுக்கு மேல் படி, காரில் போக மலைப்பாதையும் உண்டு. ஏறுவதைப் படியிலும் இறங்குவதைக் காரிலும் வைத்துக்கொண்டால் முட்டி பிழைக்கும். மாலை நான்கரை மணிக்கு மலை உச்சியில் இருக்க வேண்டும். மேற்கே மலை, அடியில் அணைத் தண்ணீர், கிழக்கே கட்டம் கட்டமாக வயலும் தென்னந்தோப்பும் தெரியும். சாரல் கனத்தால் மேகம் கோயிலையே மூடிவிடும், பத்தடி தள்ளி நிற்பவர் தெரியமாட்டார். பொறுத்திருங்கள். காற்று ஒரு திருப்பு திருப்பினால் திரை விலகினாற்போல் மொத்த வெளியும் திறக்கும், அடுத்த நிமிடமே மூடிக்கொள்ளும். குரங்குகள் அதிகம். தேங்காய், பழப்பையைக் கையில் தொங்கவிட்டு ஏறக்கூடாது.

கோயிலுக்கு மேற்கே மேக்கரையில் அடவிநயினார் அணை, செங்கோட்டைக்கு மேற்கே கண்ணுப்புளிமெட்டுப் பக்கம் குண்டாறு அணை. இந்த இரண்டும் சீசனுக்கு நல்ல அளவுகோல். நாளிதழ்களின் நெல்லை, தென்காசிப் பதிப்பில் அணை நீர்மட்டம் தினமும் வரும். குண்டாற்றின் மொத்த உயரமே 36.10 அடி. அதனால் மழை பிடித்ததும் முதலில் நிரம்புவது அதுதான். "குண்டாறு நிரம்பி வழிகிறது" என்ற செய்தி வந்தால் அருவிகளில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அடவிநயினார் 132 அடி. அதுவும் நிரம்பும் தறுவாயில் இருந்தால் மலைமேல் நல்ல மழை. குளிப்பதற்குத் தடை இருக்க வாய்ப்பு அதிகம், ஊர் சுற்றும் திட்டத்தோடே கிளம்புங்கள்.

குண்டாற்றுக்கு மேலே ஜீப்பில் கூட்டிப்போகிறோம் என்று அழைப்பார்கள். கரடுமுரடான பாதை, ஓடைக்குள்ளேயே வண்டி இறங்கி ஏறும். போவதென்றால் எந்த அருவி, யாருடைய நிலம், எத்தனை பேர் ஏற்றுவார்கள், திரும்பக் கூட்டிவர எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். ஓடைத் தண்ணீரைத் திருப்பி, தனியார் விடுதிகள் செயற்கையாக அமைத்த அருவிகள் இந்தப் பகுதியில் பெரிய பிரச்சினையாகி, 2022ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், நடவடிக்கைக்கு உத்தரவானது. திருப்பிவிட்ட தண்ணீர் யாரோ ஒரு விவசாயிக்குப் போக வேண்டியது. அப்படிப்பட்ட அருவிக்குக் காசு கொடுக்காமல் இருப்பதே முறை.

மேற்குத் திசைக்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, பாலருவி, தென்மலை எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக வரும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டோடு இல்லை, திருவிதாங்கூர்ச் சீமை. சங்கு முத்திரை பொறித்த பழைய வளைவு இன்னும் ஊருக்குள் நிற்கிறது. 1911 ஜூன் 17ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் ஊரும் இதுதான், மணிமண்டபம் இருக்கிறது. புளியரையில் தட்சிணாமூர்த்திக்குப் பேர்பெற்ற கோயில். 27 நட்சத்திரத்துக்கு 27 படி.

புளியரை தாண்டினால் எஸ் வளைவு. கேரளாவுக்குப் போகும் சரக்கு லாரிகள் வளைவில் வண்டியை முழு அகலத்துக்கு வாங்கித் திருப்பும். அந்த நேரத்தில் காரை மூக்கு நுழைத்தால் இரண்டு பக்கமும் நகர முடியாமல் அரை மணி நேரம் போய்விடும். லாரி திரும்பி முடிக்கும் வரை கீழேயே நில்லுங்கள். காலை எட்டுக்குள் மலையேறிவிட்டால் இந்தத் தொல்லை குறைவு. வாடகைக் காரென்றால் கேரளா பர்மிட் இருக்கிறதா என்று பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். செக்போஸ்ட்டில் நின்று கேட்டால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

பாலருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து வெள்ளை வேட்டி விரித்த மாதிரி விழும். நுழைவாயிலிலேயே சொந்த வண்டியை விட்டுவிட வேண்டும். டிக்கெட் எடுத்தால் வனத்துறை பஸ்ஸில் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் சோதித்து வாங்கிவிடுவார்கள். உள்ளே மன்னர் காலத்துக் குதிரை லாயமும் கல்மண்டபமும் சிதிலமாகக் கிடக்கின்றன. மதியம் மூன்றுக்குள் நுழைவாயிலில் இருங்கள். தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். வெள்ளம் வந்தால் இங்கேயும் தடைதான், கோடையில் தண்ணீர் வற்றினால் மூடியே இருக்கும். அட்டைக்குப் பயந்தால் பொடி உப்பைத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிய்த்து இழுக்காமல் உப்பைத் தொட்டு வைத்தால் தானாக விழுந்துவிடும்.

இந்த வழியில் ரயிலையும் விடக்கூடாது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904ல் மீட்டர் கேஜாகத் திறந்தது. அகலப்பாதை ஆகி 2018ல் மறுபடி முழுவதும் ஓடத் தொடங்கியது. பகலில் போகும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், ராத்திரி வண்டியில் போனால் குகையும் காடும் ஒரே இருட்டுதான். கழுதுருட்டி அருகே 13 கண் பாலம் வரும். ரயிலில் இருந்தால் அது உங்கள் காலுக்கடியில் கடந்துபோகும், பாலம் தெரியாது. பாலத்தின் அழகு சாலையிலிருந்துதான். 13 வளைவும் வரிசையாக, நடுவில் பச்சை. ஆகையால் போகும்போது ரயில், வரும்போது பஸ் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். தென்மலையில் படகு, அணை, மரத்துக்கு நடுவே நடைபாதை என்று பாதி நாள் போய்விடும். சின்னப் பிள்ளைகள் இல்லையென்றால் தென்மலையை விட்டுவிட்டு பாலருவியிலேயே நேரத்தைக் கூட்டுங்கள் என்பேன்.

தெற்கே பாபநாசம் சுமார் 40 கிலோமீட்டர். குற்றாலத்தில் தண்ணீரே இல்லாத மாதத்தில் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு அகஸ்தியர் அருவிதான் கைகொடுக்கும். தாமிரபரணி வற்றாது, அருவியும் வற்றாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைச் சோதனைச்சாவடி உண்டு, சாயங்காலம் அடைத்துவிடுவார்கள். ஆடி அமாவாசை வாரத்தில் சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழாவுக்காகத் தனியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும், அந்த வாரம் இந்தப் பக்கம் திட்டம் வேண்டாம். வழியில் கடையம். பாரதியின் மனைவி செல்லம்மாளுடைய ஊர். புதுச்சேரியை விட்டு வந்த பின் பாரதி கொஞ்ச காலம் இங்கேதான் இருந்தார். பாலருவியையும் பாபநாசத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் வனத்துறை வாயில் சாயங்காலத்துக்குள் மூடும், நடுவில் தென்காசி நெரிசல். ஏதாவது ஒன்று நிச்சயம் கைநழுவும்.

சாப்பாட்டுக்கு, பிரானூர் பார்டர். பழைய சமஸ்தான எல்லை இங்கே இருந்த காலத்துப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இலையில் பரோட்டா, மிளகு தூக்கலான சால்னா, வறுத்த நாட்டுக்கோழி, காடை. சனிக்கிழமை ராத்திரி எட்டுக்கு மேல் போனால் உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். ஏழுக்கே போய்விடுங்கள்.

பழம் வாங்காமல் திரும்பக் கூடாது. மங்குஸ்தான் வாங்கும்போது கட்டைவிரலால் தோட்டை லேசாக அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் நெகிழ்ந்தால் நல்ல பழம். கல் மாதிரி இருந்தால் உள்ளே காய்ந்துபோயிருக்கும். தோட்டில் மஞ்சள் பால் உறைந்த பொட்டு இருந்தால் சுளையும் கசக்கும். பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடுதலாக உள்ளதை எடுங்கள், சுளை சிறிதாகவும் கொட்டை குறைவாகவும் இருக்கும். ரம்புட்டானுக்கு முடி பச்சையாக விறைத்து நிற்க வேண்டும், கறுத்துச் சுருண்டிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. தோட்டின் சாறு துணியில் பட்டால் கறை போகவே போகாது. வெள்ளைச் சட்டையோடு காருக்குள் உட்கார்ந்து மங்குஸ்தான் உடைக்காதீர்கள்.